கல்விக் கடனில் ‘இப்போது கட்ட வேண்டாம்’, அரிசிப் பையில் ‘ஆர்கானிக்’: எதை வைத்து நம்புவது?

கேள்வி: 6 அக்டோபர் 2024

2019-இல் பி.இ. சேர்ந்தபோது கல்விக் கடன் வாங்கினேன். நாலு வருடத்தில் மொத்தம் 4 லட்சம் கல்லூரிக்குப் போனது. படிக்கும்போதும், முடித்து ஒரு வருடமும் எதுவும் கட்ட வேண்டாம் என்றார்கள். போன மாதம் கிளைக்குப் போனால் கணக்கில் 5 லட்சத்து 30 ஆயிரம் நிற்கிறது. இதற்கு நடுவில் அம்மாவுக்குச் சர்க்கரை. ஆர்கானிக் அரிசிதான் நல்லது என்று எல்லாரும் சொல்கிறார்கள், விலை இரண்டு மடங்கு. வங்கி சொன்னதை நம்பி ஏமாந்த மாதிரி இதிலும் ஏமாறுவேனா என்று பயமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

6 அக்டோபர் 2024, இரவு

தம்பி, படித்ததும் என் பாஸ்புக்கை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நான் 2013-இல் சேர்ந்தவள். ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் 4 லட்சம், வட்டி 11 சதவீதம். 2018 மார்ச்சில் தவணை தொடங்கும்போது அசல் என்று போட்டிருந்தது 5 லட்சத்து 32 ஆயிரம். மாதம் 6,047 ரூபாய், 15 ஆண்டு. இதுவரை 73 தவணை, அதாவது 4 லட்சத்து 41 ஆயிரம் கட்டியிருக்கிறேன். பாக்கி 4 லட்சத்து 54 ஆயிரம்.

வாங்கியதைவிட அதிகம் கட்டிவிட்டேன். வாங்கியதைவிட அதிகம் பாக்கியும் இருக்கிறது. இதை என் அப்பாவுக்கு விளக்க இன்னும் எனக்குத் தெம்பு வரவில்லை.

‘கட்ட வேண்டாம்’ என்பது வேறு, ‘வட்டி ஓடாது’ என்பது வேறு. முதலாவதைத்தான் அவர்கள் சொன்னார்கள். நாம் இரண்டாவதைக் கேட்டுக்கொண்டோம். படிக்கிற காலம் முழுக்க வட்டிக்கு வட்டி போட்டுக்கொண்டே போகிறார்கள். அரிசியைப் பற்றி நாளை எழுதுகிறேன், அதிலும் நான் பட்டவள்.

7 அக்டோபர் 2024, காலை

நேற்று ஒரு தப்பு எழுதிவிட்டேன். ஒருவர் சரியாகச் சுட்டிக்காட்டினார். படிக்கும் காலத்திலும் தவணை தொடங்கும்வரையிலும் போடுவது தனி வட்டிதான், வட்டிக்கு வட்டி இல்லை. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. என் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். முதல் வருடப் பணம் நாலரை ஆண்டு, அடுத்தது மூன்றரை, இரண்டரை, ஒன்றரை. மொத்தம் ஒரு லட்சத்துக்கு 12 ஆண்டு வட்டி. 11 ஆயிரம் பெருக்கல் 12, ஒரு லட்சத்து 32 ஆயிரம். பைசா சுத்தமாக ஒத்துவருகிறது.

ஆனால் அந்த 1,32,000 தவணை தொடங்கும் நாளில் அசலோடு சேர்ந்துவிடுகிறது. அந்த நாளிலிருந்து அதற்கும் வட்டி. அப்படிப் பார்த்தால் நான் எழுதியது தேதியில்தான் தப்பு. வலி அதேதான்.

7 அக்டோபர் 2024, மதியம்

இதை யாராவது எனக்கு 17 வயதில் சொல்லியிருந்தால்! படிக்கும்போதே அந்தந்த மாத வட்டியை மட்டும் கட்டலாம். கட்டாயம் இல்லை, விருப்பம். முதல் வருடம் மாதம் 917 ரூபாய். கடைசி வருடம் 3,667. அப்படிக் கட்டிவருகிறவர்களுக்கு வட்டியில் ஒரு சதவீதம் குறைக்கலாம் என்றும் அந்த மாதிரித் திட்டம் சொல்கிறது. முதல் வருடத்து 917-ஐ அப்பா எப்படியும் புரட்டியிருப்பார். கடைசி வருடத்து 3,667 முடிந்திருக்காது, உண்மைதான். பாதி கட்டியிருந்தால்கூட மீதிக் கதை வேறாக இருந்திருக்கும்.

இப்போது முதலாம் ஆண்டு படிக்கும் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், கடன் கணக்கு எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்குத் தாத்தா கொடுக்கும் 500 ரூபாயையும் அதில் போடலாம்.

8 அக்டோபர் 2024

அரிசி. முதலில் தம்பியின் அம்மாவுக்காக ஒன்று. ஆர்கானிக் என்றால் சாப்பிட்டதும் சர்க்கரை ஏறாது என்று அர்த்தம் இல்லை. அது எப்படி விளைந்தது என்பதைச் சொல்லும் சொல். உடம்பில் என்ன செய்யும் என்பதைச் சொல்லும் சொல் இல்லை. தீட்டிய வெள்ளை அரிசி ஆர்கானிக்காக விளைந்தாலும் தீட்டிய வெள்ளை அரிசிதான். எந்த அரிசி, எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் பாதிக் கடைகள் ஓடுகின்றன.

என் கதை. கோயம்புத்தூரில் நான் குடியிருக்கும் தெருமுனையில் ஒரு கடை. ஒன்றரை வருடம் அரிசி, நாட்டுச் சர்க்கரை, செக்கு எண்ணெய் எல்லாம் அங்கேதான். சாதாரணக் கடையைவிட மாதம் 1,800 ரூபாய் கூடுதல். பாக்கெட்டில் பச்சை இலைப் படம், ‘100% ஆர்கானிக்’ என்று பெரிய எழுத்து, கீழே 14 இலக்க எண். அந்த எண்ணைத்தான் சான்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது உணவுப் பாதுகாப்புத் துறையின் உரிம எண். மிக்சர் பாக்கெட்டிலும் அதே மாதிரி எண் இருக்கும். உணவு விற்க அனுமதி இருக்கிறது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. இலைப் படம் அச்சகத்துக்காரர் போட்டது.

கடைக்காரரிடம் கேட்டேன். “எல்லாம் ஒரு நம்பிக்கைதானேம்மா” என்றார். அவர் மோசமான மனிதர் இல்லை, அவருக்கே தெரியாது என்றுதான் தோன்றியது. அதுதான் எனக்கு இன்னும் கவலையாக இருந்தது.

8 அக்டோபர் 2024, இரவு

என்ன பார்க்க வேண்டும் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். சட்டம் இருக்கிறது. 2017 டிசம்பரில் ஆர்கானிக் உணவுக்கான ஒழுங்குமுறை வந்தது, 2018 ஜூலை முதல் நடைமுறை. பாக்கெட்டில் ஆர்கானிக் என்று எழுதி விற்க வேண்டுமானால் இரண்டு முறைகளில் ஒன்றின் சான்று வேண்டும். ஒன்று, வணிக அமைச்சகத்தின் வேளாண் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையமான அபேடா நடத்தும் தேசிய ஆர்கானிக் உற்பத்தித் திட்டம். அதில் ‘இந்தியா ஆர்கானிக்’ முத்திரை. மற்றது வேளாண் அமைச்சகத்தின் பங்கேற்பு உத்தரவாத முறை, சுருக்கமாக பி.ஜி.எஸ். இவற்றோடு ‘ஜைவிக் பாரத்’ முத்திரையும் இருக்க வேண்டும். இது எதுவும் இல்லாமல் ஆர்கானிக் என்று அச்சடித்த பாக்கெட் மோசடிதான், வாங்காதீர்கள்.

நம் ஊரில் தமிழ்நாடு அரசே சான்று தருகிறது. அங்ககச் சான்று என்று பெயர், விதைச்சான்று மற்றும் அங்ககச்சான்றுத் துறை. தலைமை அலுவலகம் கோவையில்தான். இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்துகொண்டு எனக்கு இது தெரியவில்லை.

‘இயற்கை’, ‘பாரம்பரியம்’, ‘நாட்டு’, ‘பாட்டி வைத்தியம்’ இதெல்லாம் அங்ககச் சான்று இல்லை. கருப்பட்டி நிறத்தில் காகித உறை போட்டுவிட்டால் நம் கை தானாக நீளுகிறது.

11 அக்டோபர் 2024

தம்பிக்கு முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். வட்டி மானியம்!

குடும்ப ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால், தொழில்நுட்ப, தொழிற்படிப்புகளுக்கு, தவணை தொடங்கும்வரையிலான வட்டி முழுவதையும் மத்திய அரசு கட்டும். 2009-இலிருந்து இருக்கிற திட்டம். வங்கிதான் விண்ணப்பிக்க வேண்டும், கனரா வங்கி வழியாக நடக்கிறது. 2018 ஏப்ரலுக்குப் பிறகு கடன் வாங்கியவர்களுக்குக் கல்லூரிக்கு நாக் அல்லது படிப்புக்கு என்.பி.ஏ. அங்கீகாரம் இருக்க வேண்டும் (இரண்டும் தரம் பார்க்கும் தேசிய அமைப்புகள்). தேசிய முக்கியத்துவம் வாய்ந்த கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசு நிதியில் நடப்பவைக்கும் அந்த நிபந்தனை இல்லை. படிப்பைப் பாதியில் விட்டிருக்கக் கூடாது.

கிளைக்குப் போய் ஒரே ஒரு கேள்வி எழுத்தில் கேளுங்கள்: “என் கணக்குக்கு எந்தெந்த ஆண்டுக்கு மானியம் கோரப்பட்டது, எவ்வளவு வரவானது?” வாயால் கேட்டால் “சர்வர் இல்லை”, “அடுத்த வாரம் வாங்க”. எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எனக்கு வரவில்லை. அப்பா தாலுகா அலுவலகத்தில் வரிசையில் நின்று வாங்கிய வருமானச் சான்றிதழ் முதல் வருடமே கோப்பில் போய்விட்டது. அதற்கு மேல் அது நகரவில்லை. எங்கள் ஊர்க் கிளையில் யாரும் கோரவே இல்லை. எனக்குத் தெரியவந்தது 2019-இல். “அந்த வருடத்துக் கணக்கெல்லாம் முடிந்துவிட்டதும்மா” என்றார்கள். அந்த 1,32,000 வந்திருந்தால், இதே 6,047-ஐக் கட்டி, கொரோனா இடைவெளியையும் சேர்த்து, 2027-இல் முடிந்திருக்கும். இப்போது 2035.

11 அக்டோபர் 2024, சற்று நேரம் கழித்து

2018-இல் தொடங்கிய 15 ஆண்டு 2033-இல்தானே முடிய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கொரோனா.

2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதம் தவணை கட்ட வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்தது. குறுஞ்செய்தி வந்தது, வேண்டும் என்று பதில் அனுப்பினேன். பாதிச் சம்பளம்தான் வந்துகொண்டிருந்தது, வேறு வழியும் தெரியவில்லை. அதற்கு முன் 24 தவணை, 1 லட்சத்து 45 ஆயிரம் கட்டியிருந்தேன். அதில் அசலில் குறைந்தது 31 ஆயிரம்தான். அந்த ஆறு மாதத்தில் ஏறியது 27,500. இரண்டு வருடம் கட்டியது ஆறு மாதத்தில் ஏறக்குறையக் கரைந்துவிட்டது.

வட்டிக்கு வட்டிப் பகுதியை அரசு திருப்பித் தந்தது, எனக்கு அறுநூற்றுச் சொச்சம் வந்தது. தவணைத் தொகையை அப்படியே வைத்து மாதங்களைக் கூட்டிவிட்டார்கள். ஆறு மாதம் கட்டாததற்கு முடிவு தேதி ஏறக்குறைய 27 மாதம் தள்ளிப்போனது. வேலை போனவர்களுக்கு அந்தச் சலுகை உயிர் காத்தது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அதே குறுஞ்செய்தியில், உங்கள் கடன் இத்தனை மாதம் நீளும் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். அந்த ஒரு வரி இருந்திருந்தால் மூன்று மாதத்தோடு நிறுத்தியிருப்பேன்.

19 அக்டோபர் 2024

தீபாவளிக்கு முன் ஊருக்கு வந்திருக்கிறேன், மன்னார்குடிப் பக்கம். மாமாவிடம் 8-ஆம் தேதி நான் எழுதியதைப் படித்துக் காட்டினேன். ‘இது எதுவும் இல்லாத பாக்கெட் மோசடிதான்’ என்ற இடத்தில் முகம் மாறிவிட்டது. “அப்ப நான் மோசடிக்காரனா?” என்றார்.

மாமா மூன்று ஏக்கரில் ஐந்து வருடமாக யூரியா, பூச்சிமருந்து எதுவும் இல்லாமல் மாப்பிள்ளைச் சம்பாவும் தூயமல்லியும் போடுகிறார். நம்மாழ்வார் ஐயா கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து, பத்து வருடம் யோசித்து, பிறகு இறங்கியவர். முதல் வருடம் விளைச்சல் பாதிக்கும் கீழே. மாமி நகையை அடகு வைத்தார். மாப்பிள்ளைச் சம்பா ஆளுயரம் வளரும், 160 நாள் ஆகும், அறுவடை நேரத்து மழைக்குச் சாய்ந்தால் பாதி போச்சு. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் கொண்டுபோய்க் கொட்டினால் மற்ற நெல்லுக்கு என்ன விலையோ அதுதான், இயற்கை நெல்லுக்குத் தனி விலை கிடையாது. அதனால் தெரிந்தவர்களுக்கு மூட்டையாகக் கொடுக்கிறார். பையில் ஒரு எழுத்தும் இருக்காது.

நான் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். விளைவித்த சிறு விவசாயியோ அவர்கள் குழுவோ சாப்பிடுகிறவருக்கு நேரடியாக விற்றால் சான்று கட்டாயம் இல்லை, அதே 2017 ஒழுங்குமுறையில் அந்த விலக்கு இருக்கிறது. ஜைவிக் பாரத் முத்திரையை மட்டும் அவர்கள் போட முடியாது. முத்திரை கேட்க வேண்டியது கடையில் அடுக்கி வைத்த பாக்கெட்டிடம். சந்தையில் மூட்டையோடு உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் வேறு கேள்விகள் கேட்க வேண்டும். மாமாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், இங்கேயும் கேட்கிறேன்.

20 அக்டோபர் 2024

வேறு என்ன கேள்விகள் என்று மாமாவிடமே கேட்டேன். அவர் சொன்னது:

“எந்த ஊரு, எத்தனை மா நிலம், எந்தப் பட்டத்துல விதைச்சேன்னு கேளு. விவசாயி தயங்காம சொல்லுவான். எந்த மில்லுல அரைச்சேன்னு கேளு, அங்கதான் கலப்படம் நடக்கும். பக்கத்து வயக்காரர் மருந்தடிச்சா நீ என்ன பண்றேன்னு கேளு. வருசம் முழுக்க எல்லா ரகமும் இருக்குன்னு சொல்றவங்ககிட்ட வாங்காதே.”

மில் விஷயம் எனக்குப் புதிது. ஐந்து மூட்டை நெல்லுக்காகப் பெரிய ஆலையை நிறுத்தி, சுத்தம் செய்து, தனியாக அரைத்துத் தர மாட்டார்கள். வயலில் ஒழுங்காக விளைந்தது அங்கே போய் யாருடையதோடோ சேர்ந்துவிடும். மாமா இதற்காகவே 30 கிலோமீட்டர் தள்ளி ஒரு சின்ன மில்லுக்குப் போகிறார், வண்டி வாடகை கைக்காசு.

20 அக்டோபர் 2024, இரவு

சிவப்பரிசியில் சாயம் ஏற்றுகிறார்களா என்று ஒருவர். சிவப்பு தவிட்டில்தான் இருக்கும். ஒரு அரிசியை உடைத்துப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருக்க வேண்டும். உள்வரை சிவந்திருந்தால் சந்தேகப்படுங்கள். கருப்புக் கவுனி ஊறவைத்த தண்ணீர் ஊதாவாக மாறினால் பயப்பட வேண்டாம், அது அந்த அரிசியின் இயல்பு.

26 அக்டோபர் 2024

பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்ற கேள்விக்கு. பூச்சிக்கொல்லி எச்சத்தைச் சோதிக்கலாம், கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும் அதற்கு ஆய்வகம் இருக்கிறது. ஆனால் அந்தச் சோதனை யூரியா போட்டார்களா என்று சொல்லாது. எச்சம் இல்லை என்றால் மருந்தே அடிக்கவில்லை என்றும் ஆகாது, அடித்து நாளாகியிருக்கலாம். பக்கத்து வயலிலிருந்து காற்றில் வந்ததும் ஒழுங்கான விவசாயியின் நெல்லில் தெரியலாம். ஆர்கானிக் என்பது விளைவித்த விதத்துக்குக் கொடுக்கும் பெயர், அதனால் விளைவிக்கும்போது யாராவது பார்த்திருக்க வேண்டும். சாதாரணப் பயிருக்கு விதைப்பதற்கு முன் 2 ஆண்டு, மரப்பயிருக்கு முதல் அறுவடைக்கு முன் 3 ஆண்டு மாறுதல் காலம் என்று விதி வைத்திருப்பதும் அதனால்தான்.

பார்க்கிறவர் ஒழுங்காகப் பார்க்கிறாரா என்பது அடுத்த கேள்வி. அபேடாவோடு வைத்திருந்த அங்கீகார உடன்பாட்டை அமெரிக்க வேளாண் துறை 2021 ஜனவரியில் முடித்துக்கொண்டது. இந்தியாவிலிருந்து வரும் ஆர்கானிக் பொருளுக்கு அவர்கள் முறைப்படி நேரடியாகச் சான்று வேண்டும் என்றார்கள். ஏற்றுமதிக்கே அந்த நிலை என்றால் நம் தெருமுனைக் கடைக்கு வருவதை யார் பார்க்கிறார்கள்? இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. ஏமாறுவது நான் மட்டும் இல்லை, மாமாவும்தான். பொய் ஆர்கானிக் விற்கும் கடை இருக்கும்வரை அவர் நெல்லுக்கு விலை வராது.

2 நவம்பர் 2024

தம்பி கிளைக்குப் போயிருக்கிறார். 2019-20-க்கும் 2020-21-க்கும் மட்டும் மானியம் கோரியிருக்கிறார்களாம், மற்ற ஆண்டுகள் இல்லை. எழுத்தில் வாங்கிவிட்டார். நல்ல வேலை செய்தீர்கள் தம்பி.

அடுத்தது, வங்கியின் குறைதீர் பிரிவுக்கு மனு. 30 நாளில் பதில் இல்லாவிட்டாலோ, பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டம். 2021 நவம்பரில் வந்தது, கட்டணம் இல்லை, இணையத்திலேயே புகார் பதியலாம். என் காலத்தில் நான் கிளை மேலாளரோடு நிறுத்திக்கொண்டேன். மேலாளர் மாறிக்கொண்டே இருந்தார், ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து கதை சொன்னேன்.

6 நவம்பர் 2024

இன்று மத்திய அமைச்சரவை பி.எம். வித்யாலட்சுமி திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்திருக்கிறது. முதல்தரப் பட்டியலில் உள்ள 860 கல்வி நிறுவனங்களில் சேருகிறவர்களுக்குப் பிணை இல்லாமல் கடன். குடும்ப வருமானம் 8 லட்சம் வரை இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்குத் தவணை தொடங்கும்வரை 3 சதவீத வட்டி மானியம். சேருகிற பிள்ளைகளுக்கு நல்லதுதான். அந்தப் பட்டியலில் இல்லாத கல்லூரியில் படிக்கிற, எங்கள் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். நானும் அப்படி ஒரு கல்லூரிதான். பழைய கடன்காரர்களுக்கு இதில் எதுவும் இல்லை.

9 நவம்பர் 2024

அப்பாவின் கடன் மதிப்பெண் பற்றி ஒருவர் கேட்டதால் எழுதுகிறேன். சொல்லத் தயங்கிய விஷயம்.

என் கடன் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. படிப்பு முடிந்து ஓராண்டு, அல்லது வேலை கிடைத்து ஆறு மாதம், எது முன்னதோ அன்று தவணை தொடங்கும். 2015-க்குப் பிறகு விதி மாறி, வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் படிப்பு முடிந்து ஓராண்டு என்று ஆனது. செய்தித்தாளில் நான் படித்தது புதிய விதி, கையெழுத்துப் போட்டது பழைய விதிக்கு. 2017 செப்டம்பரில் வேலைக்குச் சேர்ந்தேன். 2018 மார்ச்சில் தொடங்க வேண்டியதை ஜூனில் நோட்டீஸ் வந்த பிறகுதான் சேர்த்துக் கட்டினேன். அந்த மூன்று மாதத் தாமதம் என் பெயரிலும், கூட்டுக் கடன்தாரரான அப்பா பெயரிலும் கடன் அறிக்கையில் ஏறிவிட்டது. அடுத்த ஆண்டு அப்பா பவர் டில்லருக்குக் கடன் கேட்டபோது இதைக் காட்டி மறுத்தார்கள். அவர் வாழ்க்கையில் யாருக்கும் ஒரு ரூபாய் பாக்கி வைத்தவர் இல்லை.

ஒப்பந்த நகலை எடுத்துப் படியுங்கள். உங்களைக் கட்டுப்படுத்துவது நீங்கள் கையெழுத்திட்ட அந்தத் தாள்தான்.

வசூல் ஆட்கள் அப்பாவுக்கு ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் செய்ததும் அப்போதுதான். இப்போது அதற்கு வரையறை இருக்கிறது, காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் அழைக்கக் கூடாது என்று 2022-இல் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. தாமதத்துக்கு அபராத வட்டி என்று போட்டு அசலில் சேர்ப்பதும் கூடாது, 2023 ஆகஸ்ட் உத்தரவு. அபராதக் கட்டணம் போடலாம், அதற்கு வட்டி ஏறக் கூடாது.

10 நவம்பர் 2024

‘பாதி கட்டினால் முடித்துவிடலாம், செட்டில்மென்ட் போடுங்கள்’ என்று ஒருவர் ஆலோசனை சொல்லியிருக்கிறார். உண்மையிலேயே முடியாத நிலையில் இருப்பவர்களுக்கு அது ஒரு வழி. ஆனால் கடன் அறிக்கையில் ‘முடிந்தது’ என்று வராது, ‘செட்டில் செய்யப்பட்டது’ என்று வரும். அடுத்த கடன் கேட்கும்போது அந்தச் சொல் முன்னால் வந்து நிற்கும். தம்பிக்கு வேலை இருக்கிறது, வேண்டாம்.

17 நவம்பர் 2024

தெருமுனைக் கடையை நிறுத்திவிட்டு அந்த 1,800 ரூபாயைத் தவணையோடு சேர்த்துக் கட்டினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். கடன் 45 மாதம் முன்னதாக முடிகிறது. 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கு மேல் வட்டி மிச்சம். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டிக் கட்டினால் தனிநபரிடம் அபராதம் வாங்கக் கூடாது. ‘அசலில் வரவு வையுங்கள்’ என்று எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த தவணைக்கான முன்பணமாக வைத்துவிடுவார்கள்.

அசலில் சேர்ந்த வட்டியை நினைத்து அழுத நான், அச்சகத்து இலைப் படத்துக்கு ஒன்றரை வருடத்தில் 32 ஆயிரம் கொடுத்திருக்கிறேன். தம்பியின் முதல் கேள்வியில் இரண்டையும் சேர்த்துக் கேட்டது ஏன் என்று இப்போதுதான் எனக்குப் பிடிபடுகிறது.

அடுத்த நிதியாண்டோடு எனக்கு 80இ பிரிவின் வருமான வரிச்சலுகையும் முடிகிறது. கல்விக் கடன் வட்டிக்கு 8 ஆண்டுதான் கழிவு, அதுவும் பழைய வரிமுறையில். கடன் 15 ஆண்டு போகும் என்று அவர்களே விதி வைத்துவிட்டு, கழிவு மட்டும் ஏன் எட்டோடு நிற்க வேண்டும்?

14 டிசம்பர் 2024

மாமாவும் பக்கத்து விவசாயிகள் ஆறு பேரும் பி.ஜி.எஸ். குழுவாகச் சேர்ந்திருக்கிறார்கள். குறைந்தது 5 பேர் போதும். ஒருவர் வயலை மற்றவர்கள் வந்து பார்த்து, படிவம் நிரப்பி, கையெழுத்துப் போட வேண்டும். மாறுதல் காலத்தில் ‘பி.ஜி.எஸ். கிரீன்’, முடிந்ததும் ‘பி.ஜி.எஸ். ஆர்கானிக்’. தனியாக அங்ககச் சான்று வாங்கும் செலவில்லை.

ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டுக்கொள்ள மாட்டார்களா என்று மாமாவிடம் கேட்டேன். “அடுத்த வயக்காரனுக்குத் தெரியாம மருந்தடிக்க முடியுமா? வாடையே காட்டிக்கொடுத்துடும்” என்றார். எனக்கு முழுத் திருப்தி இல்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் தம்பிக்குள் ஒரு வருடம் கண்டும் காணாமலும் போகலாம். ஆனால் வயலைப் பார்க்க வாங்குகிறவர்களும் வரலாமாம். அதைக் கேட்டதும் என் சந்தேகத்துக்கு என்ன மருந்து என்று தெரிந்துவிட்டது.

11 ஜனவரி 2025

தம்பி எழுதியிருக்கிறார். விடுபட்ட ஆண்டுகளுக்கு மானியம் கோர முடியுமா என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதியிருப்பதாகக் குறைதீர் பிரிவிலிருந்து பதில். காலக்கெடு சொல்லவில்லை. குறைதீர்ப்பாளரிடமும் போட்டுவிடுங்கள், காத்திருக்காதீர்கள்.

தேசிய ஆர்கானிக் திட்டத்தின் எட்டாம் பதிப்பை முந்தாநாள் வெளியிட்டிருக்கிறார்கள். படித்துவிட்டு எழுதுகிறேன்.

2 பிப்ரவரி 2025

தை மாத அறுவடைக்கு வந்தேன். குழுவின் வயல் பார்வைக்கு என்னையும் அழைத்துப் போனார்கள். ஏழு வயலையும் நடந்தே பார்த்தோம். ஐந்தாவது வயலில், மேற்கு வரப்பு ஓரம் நாலு வரிசை ஓலை வெளிறிக் கிடந்தது. பக்கத்து நிலத்தில் களைக்கொல்லி அடித்த அன்று காற்று இந்தப் பக்கம். அந்த நாலு வரிசையைத் தனியாக அறுத்துத் தனிச் சாக்கில் கட்டி, குழுவின் நெல்லோடு சேர்ப்பதில்லை என்று அவர்களே முடிவெடுத்தார்கள். நான் கேட்கவில்லை. அந்த அண்ணனுக்கு அரை மூட்டையாவது நஷ்டம். படிவத்தில் அதை அப்படியே எழுதினார்கள்.

நானும் வாங்குகிறவள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இந்த முறை படித்துவிட்டுப் போட்டேன், நாலு பக்கம், மாமா பொறுமையாகக் காத்திருந்தார்.

தம்பி, அம்மாவுக்கு மருத்துவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். தூயமல்லி 10 கிலோ தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், தவிடு நீக்காதது. பையில் ஒன்றும் எழுதியிருக்காது. மாமாவின் ஊர், வயல், எந்த மில் என்று மூன்றையும் ஒரு தாளில் எழுதி உள்ளே வைத்து அனுப்புகிறேன்.